ஜெபசீலனின் இடது முழங்கால்

ஊரிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கும் மாலையில் வளைகுடாவின் ஃபர்வானியா கேம்பில் யாரும் சீட்டாட மாட்டார்கள். கம்பெனிக்கு நான்கு கேம்புகள், நான்கு கால்பந்து அணிகள். வந்தவர்களில் பந்தாடத் தெரிந்தவர்களை அணிகள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். போன வருடம் கடைசியில் நின்ற அணிக்கே முதல் ஆள்.

1976இல் அந்த முறை ஃபர்வானியாவுக்கு. வெல்டர் யேசுராஜ் இறங்கியவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“அந்த நெட்டையனப் பாரும்வோய். இனயத்துக்காரன். கடற்கரை மணல்ல ஓடின காலு.”

“கொக்குக்கும்தான் கால் நீளம்” என்றார் மெஸ் சமையல்காரர் முகம்மது சித்தீக். காயல்பட்டினத்துக்காரர், பந்து விஷயத்தில் வேறெந்த ஊரையும் ஒப்புக்கொள்ளாதவர்.

இரண்டு ஆட்டம் முடிந்ததும் அவரே அந்த நெட்டையன் ஜெபசீலனின் தட்டில் கூடுதலாக ஒரு மீன் துண்டு வைத்தார்.

ஜெபசீலன் அண்ணனோடு சேர்ந்து வைத்திருந்த மீன்பிடி வள்ளத்தை விற்று விசா வாங்கியவன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டத்தான் வந்தான். அவன் கோல் போடப் போட, கேம்ப் மேனேஜர் கல்யாணசுந்தரம் அவனை ஸ்டோருக்கு மாற்றினார். அவர் கேம்புக்குக் கோப்பை வேண்டும்.

அரையிறுதியில் இடது முழங்கால் பிசகி வீங்கியது.

“ஆஸ்பத்திரிக்குப் போனா மாவுக்கட்டு போட்டுருவான், பைனல் போச்சு” என்றார் யேசுராஜ். “எனக்க சித்தப்பா வர்ம ஆசான். நான் பாத்துக்கிடுதேன் மக்கா.”

வாரம் முழுக்க எண்ணெய் போட்டுத் தடவினார். சித்தீக் ஓதின தண்ணீர் கொண்டுவந்தார். யாரோ அந்தோணியார் கோயில் எண்ணெய் தந்தார்கள். அந்த முழங்காலில் எல்லாம் பட்டது, டாக்டரின் கை மட்டும் படவில்லை. மேனேஜர் ஒருமுறை வந்து எட்டிப்பார்த்து, “வெள்ளிக்கிழமை ரெடியாயிடுவான் இல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜெபசீலன் ஒரு கோல் போட்டான். அடித்த காலை ஊன்றியபோது விழுந்தான். கோப்பை வந்தது. மூட்டுநார் அறுந்துவிட்டது, இனி பந்தாடவோ சாரம் ஏறவோ முடியாது என்றது ஆஸ்பத்திரி.

யேசுராஜ் மேனேஜரிடம் போனார். “சார், அவன் உங்க டீமுக்கு ஆடினவன்.”

“இல்லேங்கலையே. ஆனா வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாதுப்பா. டூட்டில விழுந்திருந்தா கம்பெனி பாத்திருக்கும். விசா குடுத்த அரபி, கஃபீல், கேன்சல்னு ஸ்டாம்ப் குத்திட்டார். கலாஸ், முடிஞ்சுது.”

கோப்பை அவர் மேசைமேல் இருந்தது.

கேம்பில் பலர் விதி என்றார்கள். விதி ரப்பர் ஸ்டாம்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவதில்லை.

அவனை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போக வந்த பஸ்ஸில்தான் அடுத்த கூட்டமும் வந்து இறங்கியது. ஜெபசீலன் கம்பூன்றி நின்று அவர்களைப் பார்த்தான்.

“நல்ல காலு எதாம் உண்டா அண்ணே?”

யேசுராஜ் அவன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்தது.

புதிதாக வந்த ஒருவன் அருகே வந்தான். “இங்க டீம் இருக்காமே அண்ணே. நான் ஊர்ல சென்டர் பார்வேடு...”

யேசுராஜ் சுற்றும் பார்த்தார். மற்ற கேம்ப்காரர்கள் ஆள் பிரிக்கும் பேரங்களில் மும்முரமாக இருந்தார்கள்.

“எவன் கேட்டாலும் பந்து தெரியாதுண்ணு சொல்லு” என்றார். “உனக்க கால நீயே வச்சுக்க.”