லினக்ஸுக்குப் பூக்கேட்ட நாள்

பெண்ணெடுக்கவும் போர்வெல் போடவும் இரண்டு பொட்டலத்தில் இரண்டு நிறப் பூவைக் கட்டிவைத்து, ஒன்றை எடுத்துப் பார்த்துச் சாமியிடம் பூக்கேட்ட குடும்பங்கள் நாமக்கல் பக்கம் நிறைய உண்டு. லினக்ஸுக்குப் பூக்கேட்ட குடும்பம், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான். பொட்டலம் எடுத்த கை என்னுடையது. அப்போது நான் நான்காம் வகுப்பு.

அப்பா கோழிப்பண்ணையோடு முட்டை ஏற்றுமதியும் தொடங்கியிருந்த நேரம். அன்று வெள்ளிக்கிழமை. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கன்டெய்னர் பண்ணை வாசலில் நின்றது. பெட்டிகளில் ஒட்ட வேண்டிய அரபு லேபிளை, முட்டை வாங்கும் மஸ்கட்காரர் மெயிலில் அனுப்பியிருந்தார். அதை அச்சடித்து ஒட்டாமல் ஒரு பெட்டியும் ஏற்ற முடியாது. அன்றைக்கென்று பார்த்து ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மஸ்கட்டில் விடுமுறை, போனை எடுக்க ஆளில்லை. மாலைக்குள் வண்டி கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும். முட்டை என்ன காத்திருக்கிற பொருளா?

பழி சித்தப்பா தலையில் விழுந்தது. இன்ஜினியரிங் முடித்து வேலை கிடைக்காமல் வீட்டோடு இருந்தவர். தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் செயலியை ஆபீஸில் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். வருகிற மெயிலையெல்லாம் அது கம்ப்யூட்டருக்குள் இறக்கி வைத்துக்கொண்டு சர்வரில் இருப்பதை அழித்துவிடும். அப்படி அமைத்ததும் அவரே. அதனால் அப்பாவின் செல்போனில் எவ்வளவு தேடியும் லேபிள் கிடைக்கவில்லை.

அம்மாவின் அண்ணன் சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். தகவல் தெரிந்ததும் அந்த மாமா காரில் வந்து இறங்கினார். விண்டோஸை விட்டுவிட்டு இனி லினக்ஸ்தான் என்பதில் அவருக்கும் சித்தப்பாவுக்கும் சண்டையில்லை. எந்த லினக்ஸ் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. மாமா உபுண்டு என்றார். டிஸ்க்கை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் போடுகிறேன், லேபிளை எப்படியாவது மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்றார். சித்தப்பா டெபியன் என்றார். பழைய கம்ப்யூட்டருக்கு அது பாரமாக இருக்காது, முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு மெயில்களை வெளியே எடுத்துவிடலாம், அழிப்பதெல்லாம் பிறகு என்பது அவர் வாதம்.

"இனாமாக் கெடைக்கறத நம்பி யாவாரம் பண்ணுனா இப்படித்தானுங்க மாப்பிள்ளை," என்றார் மாமா. உபுண்டுவும் இனாம்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சானின் பேச்சைத் தட்டவும் முடியவில்லை, கூடப்பிறந்தவனைக் கைவிடவும் மனமில்லை. கடைசியில், "பூக்கேட்டுரலாங்க," என்றார்.

ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் கொழுந்தனார் என்பதால் பொட்டலம் கட்ட அம்மாவைவிடப் பொதுவான ஆள் கிடையாது. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மாமா, செவ்வரளி வந்தால் சித்தப்பா. வாழையிலையில் கட்டிய இரண்டு பொட்டலங்களைப் பண்ணையோரத்துக் கருப்பணார் முன்னால் அம்மா வைத்தாள். கன்டெய்னர் டிரைவர் வாட்சைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கம்ப்யூட்டருக்குப் போய்ப் பூவா என்று வழியெல்லாம் முணுமுணுத்த சித்தப்பா, சாமி முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எனக்குச் சித்தப்பாதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் எதில் எந்தப் பூ என்று யாருக்குத் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

அப்பா பிரித்தார். செவ்வரளி.

எல்லோரும் ஆபீஸுக்கு ஓடினோம். மாமா மட்டும் வரவில்லை. பென்டிரைவைச் செருகியதும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. டிஸ்க் கரகரவென்று அரைத்தது. மெயில்களை நகலெடுக்கும் பட்டை பாதியில் நின்றுகொண்டு அசையவே மாட்டேன் என்றது. சித்தப்பாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பட்டை மெல்ல நகர்ந்து முடிந்தது. நகலைத் தன் லேப்டாப்பில் இருந்த தண்டர்பேர்டில் அவர் திறந்தார். பழைய மெயில்கள் வரிசையாக வந்தன. மேலேயே மஸ்கட்காரர் பெயர். உள்ளே லேபிள்.

அப்பா சித்தப்பாவின் தோளில் கை வைத்தார். "இனி ஆபீஸ நீயே பாத்துக்க சாமி," என்றார். சித்தப்பா கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

லேபிள் ஒட்டிய பெட்டிகள் வண்டியில் ஏறத் தொடங்கியதும், மாமாவைச் சாப்பிடக் கூப்பிட அம்மாவோடு நானும் போனேன். அவர் கருப்பணார் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது பொட்டலம் அவர் உள்ளங்கையில் பிரிந்து கிடந்தது. அதிலும் செவ்வரளிதான். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா இலையை மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் வாரேன் சாமி. மாப்பிள்ளகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார் அம்மாவிடம்.

கார் போன பிறகும் அம்மா அங்கேயே நின்று அழுதாள். அண்ணன் சாப்பிடாமல் போனதற்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். கருப்பணார் முடிவு செய்யுமுன்பே அம்மா முடிவு செய்துவிட்டாள் என்பதோ, தன்னைத் தோற்கடித்த தங்கையை மாமா காட்டிக்கொடுக்காமல் போனார் என்பதோ எனக்குப் புரியவில்லை. மாமா பிரசாதம் எடுத்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு பொட்டலத்துப் பூவையும் கண்ணால் பார்த்த பிறகும், என் கை ராசியான கை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.