உதைத்துப் பார்த்த டயர்கள்

அண்ணன் மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஆறாவது நான். அப்பா காலமானபோது அண்ணன் தம் பள்ளிப் பையை எனக்குக் கொடுத்துவிட்டு லோரி வேலைக்குப் போனார். பிறகு முப்பது ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். பை நன்றாக உழைத்தது. நான்தான் உழைக்கவில்லை.

அண்ணன் கோபித்துப் பார்த்தவர்கள் குறைவு. டயரில் காற்று குறைந்தால் மட்டும் பார்க்கலாம். ஞாயிறு காலையில், வண்டியை முடுக்குமுன், தம் ஃபோர்வீல் வண்டியின் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் கேஜ் வைத்து அளப்பார். தார்ச் சாலைக்கு முப்பத்திரண்டு. சேற்றில் இறங்க நேர்ந்தால் கொஞ்சம் காற்றை விடுவார். தார் ஏறியதும் மறுபடி அடைத்துவிடுவார்.

"காத்து கம்மியா ஓடினா ரெண்டு ஓரமும் தேயும், அதிகமா அடைச்சா நடு தேயும். டயரு பொய் சொல்லாதுடா" என்பார்.

பொய் சொல்ல நான் இருந்தேன். பக்கவாதம் வந்து அண்ணனால் குனிய முடியாமல் போனதும் வண்டியும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் என் கைக்கு வந்தன. ஒருநாள் மீன் பிடிக்கப் போய், சேற்றுக்காகக் காற்றை விட்டவன் திரும்ப அடைக்கவேயில்லை. வாராவாரம் டயருக்கு ஓர் உதை கொடுத்துவிட்டு உள்ளே வருவேன்.

"எல்லாம் முப்பத்திரண்டுண்ணே."

"கேஜ் வச்சா புஸ்ஸுங்குமே, சத்தத்தக் காணோம்?"

"உங்களுக்குக் காது மந்தமாயிருச்சுண்ணே."

அண்ணன் கடைசியாக ஆசைப்பட்டது ஒன்றுதான்: பழைய தோட்டத்து அம்மன் கோவில் தீமிதியை ஒருமுறை பார்க்க வேண்டும். நான்தான் ஓட்டிப் போனேன். முதல் நாள் நல்ல மழை. கோவிலுக்கு அரை மைல் இருக்கையில் மண்பாதையில் வண்டி வழுக்கி, வாய்க்கால் ஓரம் சாய்ந்து நின்றது. கோவிலின் உறுமி மேளச் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. டிராக்டர் வருவதற்குள் தீமிதி முடிந்துவிட்டது.

அண்ணனைக் கீழே இறக்கி உட்கார வைத்தேன். அவர் முன்டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஓரமும் என் தலை மாதிரி வழுக்கை. நடுவில் மட்டும் வரிகள் மிச்சம்.

"எத்தன மாசம்டா ஒதைச்சே?"

"ஏழு மாசம்ணே."

"காலு வலிக்கல?"

அவ்வளவுதான் கேட்டார். முன்னதாகவே கோவிலுக்குப் போயிருந்த அண்ணி, டிராக்டரில் பதறி வந்து இறங்கியபோது, அண்ணன் அவரிடம், "பாத மோசம் லா. தம்பி என்னா செய்வான்" என்றார். குடும்பம் இன்றுவரை அதையே நம்புகிறது. அடுத்த தீமிதிக்கு அண்ணன் இல்லை.

பாதை மோசமில்லை, அண்ணி. நான்தான்.

அன்று வண்டியை இழுத்துக் கொடுத்தவர்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும், இறுதிக் காரியத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஒருவன் உங்கள் வண்டி அருகே குந்தியிருந்தால் திருடன் என்று எண்ண வேண்டாம். அண்ணனின் கேஜ் இப்போது என் கையில் இருக்கிறது. ஓடி வந்த டயர் ஆறிய பிறகே அளக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஆகவே, அவசரப்படாமல் சாப்பிடுங்கள்.