அகல்யா கொண்டுபோன தாம்பூலம்

அகல்யாவிடம் ஒரு குணம் உண்டு. யாராவது அவளுக்கு ஏதாவது செய்துவிட்டால், பதிலுக்குத் தானும் ஏதாவது செய்கிறவரை சோறு இறங்காது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால் அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பிப் போகாது. நாலு முருங்கைக்காயாவது ஒரு கை கடலையாவது அதில் கிடக்கும். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் என்ன மொய் எழுதினார்கள் என்று கேட்டால் படுத்திருந்தவள் எழுந்து சொல்வாள். ஊர் மெச்சுகிற குணம்தான். அதுவே அவளை ஒருநாள் சேலத்துக்குப் பஸ் ஏற்றி, நினைத்தே பார்க்காத இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அவள் புருஷன் தனசேகர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கசந்தவன் எல்லாம் ரிக் வண்டியில் ஏறுவது வழக்கம். ஏறினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டி போகிற ஊரெல்லாம் அவன் ஊர்தான். தனசேகரும் அப்படித்தான் வருஷக்கணக்கில் வெளியூர்களில் பூமியைத் துளைத்துக்கொண்டு கிடந்தான். பிறகு முதலாளி ரெண்டு வண்டியைக் கப்பலில் ஏற்றித் தான்சானியாவுக்கு அனுப்பியபோது, வண்டியோடு அவனையும் அனுப்பினார். போனவன் மூன்று வருஷமாக ஊர் திரும்பவில்லை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே ஒரு பேங்கில் கணக்கு. சம்பளம் அதில் ஏறும். அங்கிருந்து அகல்யாவின் கணக்குக்கு அனுப்புவான். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று பிடித்தம் போகும். வந்து சேர நாலைந்து நாள் ஆகும். ஆனால் வருகிற பணம் தனசேகர் பெயரோடு வரும். அப்புறம் அவனுடைய வேலை பர்மிட் காலாவதியானது. "புதுப்பிச்சுடலாம்பா" என்று முதலாளி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். பேங்கில், பர்மிட் இல்லாதவன் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இங்கே வீடு தளம் போட்டு நிற்கிறது. கொத்தனார் தினம் வந்து வாசலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறார்.

அப்போதுதான் குமரன் வாய்த்தான். நம் பக்கத்துப் பையன், அங்கே ரிக் சாமான் கடை வைத்திருந்தான்.

"நீங்க இங்க கையில குடுங்கண்ணா. அங்க அண்ணி கணக்குல ரூபாயா உழுந்துரும். பேங்குல தர்றதவிட ரேட்டும் சேத்தித் தாரேன்" என்றான்.

"எப்படிறா உழும்?" என்று தனசேகர் கேட்டான்.

"அதுக்கெல்லாம் ஆளுக இருக்காங்கண்ணா."

ஒரு டிரில் பிட் வாங்குவதற்கு ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷன், அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேட் நன்றாக இருந்தால் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. குமரன் சொன்ன ஆளுக யார், அவர்கள் ரூபாயை எந்த வீட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவன் மெனக்கெடவில்லை.

மீதி வேலையைக் கடன் சொல்லி முடித்து, ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். தனசேகரால் வர முடியவில்லை. அவன் அக்கா பூவாத்தாளும் மாமாவும் மனையில் உட்கார்ந்தார்கள். அந்த வாரம்தான் அகல்யாவின் போனில் பணம் விழ ஆரம்பித்தது. பத்தாயிரம், எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்று துண்டு துண்டாக. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர். ஏறக்குறைய எல்லாம் வடக்கத்திப் பெயர்கள்.

வேறு ஊரில் வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ரிக் ஊர்க்காரி பயப்படவில்லை. ரிக் வண்டியில் பைப் தூக்குகிற பையன்களில் பாதிப் பேர் பீகாரும் சத்தீஸ்கருமாக இருப்பார்கள். அந்தப் பையன்களுக்குச் சோறு போட்டு, காய்ச்சல் வந்தால் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவள் அவள். நேற்றுப் பைப் தூக்கியவன் இன்று தன் ஊரில் சொந்தமாக வண்டி வைத்திருப்பான். அண்ணன் வீடு கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டு மொய் அனுப்பியிருக்கிறார்கள் என்றே முடிவுகட்டினாள். குமரன் மூலமாக அனுப்புகிறேன் என்று புருஷன் சொன்ன பணம் இன்னும் வந்து சேரவில்லை என்றும் நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தனசேகர் பேசினான். காட்டுக்குள் இருந்தான்; லைன் விட்டு விட்டுக் கேட்டது.

"ஏனுங்க, உங்க சேக்காளிங்கல்லாம் மறக்காம மொய் போட்டுருக்காங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்றாள்.

"எந்த மொய்யி?" என்றான் அவன்.

லைன் அறுந்துபோனது. மறுபடி கிடைத்தபோது பர்மிட் வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தான். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு புருஷன் வருகிறான். மொய்ப் பேச்சு அதில் அடிபட்டுப் போயிற்று. அன்று ராத்திரி அவள் புதுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அவன் வந்து இந்த வீட்டில் படுத்து எழுந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தாள்.

மொய் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சிலருக்குப் பெயரோடு போன் நம்பரும் இருந்தது. கூப்பிட்டாள். ஒன்று அணைந்து கிடந்தது. ஒன்றில் ஒரு ஆள் இந்தியில் கத்து கத்தென்று கத்தினான். ரிக்காரன் என்றால் இரைச்சலில் பேசிப் பழகியவன், அப்படித்தான் பேசுவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்னொன்றை ஒரு பெண் எடுத்து, அகல்யா என்ற பெயரைக் கேட்டதும் விசும்பிவிட்டு வைத்துவிட்டாள். அதற்கு மட்டும் அகல்யாவுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ உறுத்தியது. அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தாள்.

அது மட்டும் நம் பக்கத்தில் கேட்டுப் பழகிய பெயர். வஹீதுன்னிசா. அவர்தான் எல்லாரையும்விடக் கூடுதலாக, இருபத்தைந்தாயிரம் போட்டிருந்தார். யாரோ ரிக்காரர் வீட்டு அம்மாவாக இருக்கும் என்று நினைத்தாள்.

ஒரே மணியில் எடுத்தார்கள். வயதான குரல்.

"ஏனுங்கம்மா, நான் அகல்யா பேசறனுங்க. பணம் வந்துச்சுங்க."

மறுமுனையில் குரல் தாழ்ந்து வந்தது. "அகல்யா மேடமா? சொல்லுங்க மேடம்."

மேடம் என்றதும் அகல்யாவுக்குச் சிரிப்பு வந்தது. டவுன்காரர்களின் மரியாதை. "எந்த ஊருங்கம்மா நீங்க?"

"சேலம். அஸ்தம்பட்டி. எல்லாம்தான் சார்கிட்ட சொல்லிட்டேனே."

"வீடு எங்கீங்க? நேர்ல வந்து பாத்துப்போட்டு வாரனுங்க."

"நேர்லயே வர்றீங்களா?"

"அதுதானுங்க முறை."

அப்புறம் அந்தம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி விலாசத்தைச் சொன்னார்.

"போன்லயே சொல்லிட்டியே, அப்புறம் என்னத்துக்கும்மா போற?" என்று மகள் மோனிஷா கேட்டாள். அகல்யா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாத பெரிய மனுஷிக்குத் தாம்பூலம் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்பதா? தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி, லட்டு. மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்குப் பின்னால் இருந்தது வீடு. நல்ல வெயில் நேரத்திலும் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தது. அழைப்பு மணியை அழுத்தியதும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. எழுபது வயதை நெருங்கிய அம்மாள். தலையில் முக்காடு, கண்ணுக்குக் கீழே கருவளையம். பல நாளாகத் தூங்காத முகம்.

"அகல்யாங்க" என்றாள்.

அந்தம்மா அவள் கையில் இருந்த மஞ்சள் பையைப் பார்க்கவில்லை. அவசரமாக உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை மேடம். குவைத்துல இருக்கிற என் பையன் அப்ரார்கிட்டகூடச் சொல்லலை. வேலைக்காரப் பொண்ணையும் நிறுத்திட்டேன். சார் சொன்னபடிதான் இருக்கேன்."

அகல்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஜைமேல் பெரிய போன் மாதிரி ஒரு டேப் சாய்த்து வைத்திருந்தது. அதில் வீடியோ காலில் போலீஸ் சட்டை போட்ட ஒருத்தன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு துணி முடிச்சு.

"இதுதான் மீதி" என்று அந்தம்மா முடிச்சைத் தள்ளினார். அவிழ்ந்த மூலையில் வளையல்கள் தெரிந்தன. "பணமெல்லாம் நீங்க சொன்ன கணக்குகளுக்குப் போட்டுட்டேன். என் வீட்டுக்காரர் ரிட்டயராகி வந்த பணம். உங்க கணக்குல போட்டதுதான் கடைசி. ரிசர்வ் பேங்க் ஆபீசர் அகல்யா, செக் பண்ணிட்டுத் திருப்பிக் கொடுத்துருவாங்கன்னு சார் சொன்னாரு. என் பேர்ல வந்த போதைமருந்து பார்சலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை மேடம். நான் டீச்சரா இருந்தவ. அரெஸ்ட் பண்ணிடாதீங்க."

டேப்பிலிருந்து குரல் வந்தது. அரைகுறைத் தமிழ். "யார் அங்கே? யார் வந்திருக்கு?"

"உங்க அகல்யா மேடம்தான் சார் வந்திருக்காங்க."

அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். சேலை கட்டி, தலையில் பூ வைத்து, மஞ்சள் பையோடு நிற்கிற அகல்யாவைப் பார்த்தான். வாயைத் திறந்து மூடினான். அடுத்த நொடி டேப் கறுத்துப் போயிற்று.

ரெண்டு பெண்களும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தம்மா மறுபடி மறுபடி அந்த எண்ணைக் கூப்பிட்டார். போகவில்லை. அகல்யாவுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. கத்தின ஆள் இரைச்சலில் பழகியவன் இல்லை. விசும்பின பெண் ஏன் விசும்பினாள் என்று தெரிந்தது. எந்த மொய்யி என்று தனசேகர் கேட்டதும் விளங்கிவிட்டது. குமரன் சொன்ன ரூபாய் இந்த வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த ரூபாய். புதுவீட்டு டைல்ஸ் கடனை அடைத்த பணம் இந்த அம்மாளுடையது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கதவுக்கு நாலு எட்டுதான். அவளை யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் கணக்கு முடங்கும், வீட்டு வாசலுக்குப் போலீஸ் வரும். தீபாவளிக்கு வருகிறவன் வீட்டுக்கு வருவானா, வேறெங்காவது போவானா? அவள் கால் கதவுப் பக்கம் திரும்பியும் விட்டது. அப்போது அந்தம்மா, "சார் மறுபடி கூப்பிடுவாரா மேடம்? நகையை எங்க கொண்டுவரணும்?" என்று கேட்டார்.

அகல்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஆபீசர் இல்லீங்கம்மா. கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கினவ நானு. உங்கள ஏமாத்திப்போட்டாங்க. என்னையும் ஏமாத்திப்போட்டாங்க. எந்திரிங்க, போலீசுக்குப் போலாம்."

அந்தம்மாவுக்கு அவளை நம்ப நேரம் பிடித்தது. நம்பியதும் அழவில்லை. நகை முடிச்சை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷனில் அதிகாரி பொறுமையாகக் கேட்டார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பணம் போன கணக்குகளின் எண்களை வஹீதுன்னிசா போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கடைசி எண்ணை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"இது யாரும்மா? சொந்தமா?" என்று அதிகாரி அகல்யாவைக் காட்டிக் கேட்டார்.

வஹீதுன்னிசா அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சவங்க. துணைக்கு வந்தாங்க" என்றார்.

அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு அவள் தப்பியிருக்கலாம். மனசு பொறுக்கவில்லை. "இல்லீங்க சார். அவங்க சொல்லாம விட்ட கடைசிக் கணக்கு என்னோடதுங்க" என்றாள். தனசேகர், குமரன், பர்மிட், துண்டு துண்டாக விழுந்த பணம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லச் சொல்ல அவர் பேனா மட்டும் வேகமாக ஓடியது.

"உங்க மேல தப்பு இருக்கா இல்லையான்னு விசாரிச்சாத்தான் தெரியும்" என்றார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "வீட்டுக்காரர் ஊருக்கு எப்ப வர்றாரு?" என்று கேட்டார்.

தெரியாதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அகல்யாவுக்கு அது வரவில்லை. பக்கத்து நாற்காலியில் வஹீதுன்னிசா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடிங்க. கோயமுத்தூர்ல எறங்கறாருங்க."

"எந்த ஃபிளைட்டு?"

அதையும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டு, கையை நீட்டி அவளுடைய போனை வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்தார்.

"அதுவரைக்கும் இதைப் பத்தி அவர்கிட்ட நீங்க ஒண்ணும் பேசக் கூடாதும்மா."

அகல்யா சரிங்க என்றாள்.