பால் தொட்டிக்குள் ஜேசங்பாய்

குஜராத்தின் மெஹ்ஸாணாவில் எங்கள் டெய்ரியின் பால் தொட்டி ஒரு வீட்டு உயரம். அதற்குள் இறங்கித் தேய்ப்பது ஜேசங்பாயின் வேலை. மேலே தொட்டி வாயில் உட்கார்ந்து அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது கானாவாகிய என் வேலை. உள்ளே காற்று கெட்டால் ஆள் சத்தமில்லாமல் சாய்ந்துவிடுவான். பதில் வராவிட்டால் கயிற்றை இழுக்க வேண்டும்.

அந்த மகராசன் ஒரு நாளும் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொன்னதில்லை.

"ஜேசங்பாய்!"

மூச்சு பேச்சு இருக்காது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்துவேன்.

"ஏ ஜேசங்பாய்!"

"ஹோ! உசுரோடதான் இருக்கேன், கானா."

"காதுல என்ன, வெண்ணெய அடைச்சு வச்சிருக்கியா?"

அவனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. கம்பு ரொட்டியைத் தானே தட்டி, தானே தின்று, தானே படுப்பான். "வீட்டுல என் பேரச் சொல்ல நாதியில்ல கானா" என்பான்.

பிறகு, தானே சுழன்று மருந்துத் தண்ணீர் பீய்ச்சும் குமிழைத் தொட்டிக்குள் மாட்டினார்கள். இனி ஆள் இறங்க வேண்டாம் என்றார்கள். ஆனால் பால் கெட்டுக்கொண்டே இருந்தது. ஜேசங்பாயைத் திரும்ப இறக்கினார்கள்.

பாலைக் கலக்கும் தகட்டின் முதுகில் அவன் விரல் வழுக்கியது. கிருமிகள் கூடிப் பசை கட்டி, அதற்குள் ஒளிந்திருந்தன. குமிழின் தண்ணீர் அங்கே எட்டவில்லை. பிரஷ்ஷால் தேய்த்து அந்தப் பசையை உடைத்தால்தான் மருந்து பிடிக்கும். தேய்த்துவிட்டு மேலே வந்து என்னிடம் சொன்னான்.

"வாயத் தொறக்காத. பால் கெடக் கெட உன்னத்தான் இறக்குவாங்க. சொன்னேன்னா அங்கயும் ஒரு குமிழ மாட்டிட்டு உன்னத் தொரத்திருவாங்க" என்றேன்.

விரல்களில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்துப் பார்த்தான்.

"பச்சப்புள்ளைங்க குடிக்கிற பாலு கானா" என்று எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டான்.

இரண்டாவது குமிழ் வந்தது. பால் கெடுவது நின்றது. அவனைப் பால் கூடை கழுவும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே இருக்கிற இரைச்சலில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கையைத் தட்டுவார்கள், அவ்வளவுதான். எனக்கு மனசே ஆறவில்லை.

உத்தராயணப் பண்டிகை முடிந்து எள்ளுருண்டை கொண்டுபோனேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கழுவிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று, சத்தமாகக்கூட இல்லை, "ஜேசங்பாய்" என்றேன்.

அந்த இரைச்சலிலும் சட்டென்று திரும்பினான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி! காது நல்லாத்தானே கேக்குது? இத்தன வருசமா என் உசுர வாங்கினியே!"

சிரித்தான். கண் கலங்கியிருந்தது. மறுபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"கேக்கல கானா. இன்னொரு தடவ கூப்பிடு."