குடிக்காத ஏரிக்குப் பொங்கல்

தாராவியில் எங்கள் சந்துக்குக் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்கு நின்றுவிடும். குழாய் நுழைகிற இடத்தில் சந்துச் சங்கத் தலைவர் வீடு. கடைசி வீடு எங்களுடையது. தலைவர் குழாயில் மோட்டார் மாட்டியிருக்கிறார். ஐந்து மணிக்கு அது உறுமத் தொடங்கினால் எங்கள் குழாயில் காற்றுதான் வரும். என் மனைவி மூன்று சந்து தள்ளிப் போய் இடுப்பில் குடம் சுமந்து வருவாள். இடுப்பு போய்விட்டது, இனிமேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தலைவரிடம் கேட்க வேண்டியவன் நான். பலமுறை போனேன். சாப்பிட்டாச்சா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்த ஆடியில் நகரத்துக்குள் இருக்கும் ஏரி ஒன்று நிரம்பி வழிகிற வீடியோ எல்லார் போனிலும் வந்தது. தலைவர் உடனே கூட்டம் போட்டார். ஊரில் குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் மடைக்குப் பொங்கல் வைப்போம், இங்கே இத்தனை வருஷம் இந்த ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றுமே செய்யவில்லை, அதனால்தான் குழாயில் வேகம் இல்லை என்றார். மோட்டார் சத்தத்தில் தினமும் கண் விழிக்கிற அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் லோக்கல் ரயில் ஏறினோம். அங்கே அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதால், பொங்கலை வீட்டிலேயே பொங்கிக் குக்கரோடு கொண்டுபோனோம்.

ஏரியைத் தேக்கும் அணை என்றதும் நான் சிமெண்டுச் சுவரையும் இரும்புக் கதவுகளையும் நினைத்திருந்தேன். இருந்தது புல் முளைத்த மண் கரை. தண்ணீர்ப் பக்கம் கருங்கல் பாவியிருந்தது. நம்ம ஊர்க் குளத்துக்கரை மாதிரியே இருக்கிறதே என்றார் ஒருவர். தலைவருக்குப் பிடிக்கவில்லை.

"மண்ணுதாம்டே. ஆனா வெள்ளக்காரன் போட்ட மண்ணு" என்றார்.

கரையில் இலை போட்டுக் குக்கரைத் திறந்து சூடம் கொளுத்தினோம். காவலாளி ஓடிவந்து சூடத்தை அணைக்கச் சொன்னார். எதற்கு இதெல்லாம் என்று இந்தியில் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். இந்த ஏரித் தண்ணீர் எந்த வீட்டுக் குழாய்க்கும் போவதில்லை, குடிக்கவே லாயக்கில்லை, உங்களுக்கு வருவது வெகுதூரத்தில் இருக்கும் வேறு அணைகளிலிருந்து என்றார்.

தலைவர் அசரவில்லை. எல்லா ஏரியும் அக்கா தங்கச்சிதான், இவளிடம் சொன்னால் அவளுக்குப் போய்ச் சேரும் என்று விளக்கினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் என் வாய் எனக்கே தெரியாமல் திறந்தது.

"அண்ணாச்சி, காலைல மோட்டார ஒரு கால் மணி நேரம் கழிச்சுப் போட்டா எங்க வீட்டுக்கும் தண்ணி வந்துரும்."

ஒருவர் இலையில் முந்திரிப்பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சாமி காரியத்துக்கு வந்த எடத்துல மோட்டார் பேச்சு எதுக்குடே?" என்றார் தலைவர்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் கதவோரமாகவே நின்றுகொண்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு மோட்டார் உறுமவில்லை. எங்கள் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. ஐந்தேகாலுக்கு உறுமல் கேட்டபோது டிரம் நிறைந்திருந்தது. நான் வேலைக்குக் கிளம்பும்போது தலைவர் வாசலில் நின்று, பொங்கலின் பலனைப் பார்த்தீர்களா என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் வேகம் வந்துவிட்டதே என்று அவர்களும் வியந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலைவர் குரலை உயர்த்தினார்.

"என்னடே, ஒன் வீட்டுக்கும் வந்துச்சாமே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு மறுபடி ஐந்து மணிக்கே மோட்டார் ஓடும்.

"எல்லாம் ஏரித்தாய் புண்ணியம் அண்ணாச்சி" என்றேன்.