இந்தக் கை இனி உயராது

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் உள்ளறைச் சுவரில் மூன்று ஆணிகள் இருந்தன. ஒன்று இடுப்பு உயரத்தில், ஒன்று தோள் உயரத்தில், ஒன்று தலைக்கு மேலே. வலி என்று வருகிறவர்களிடம் சூசைரட்ணம் எங்கே வலிக்கிறது என்று கேட்கமாட்டார். "கம்பளிய மாட்டிட்டு வாங்க" என்பார். மழைக்குப் போர்த்தி வந்த கம்பளியை எந்த ஆணியில், எந்தக் கையால், எவ்வளவு தயங்கி மாட்டுகிறார்கள் என்று ரெஜிஸ்டரில் குனிந்தபடியே கடைக்கண்ணால் பார்த்துக்கொள்வார். பதினாறு வருடமும் இப்படித்தான். வந்தவர்கள் பெஞ்சில் உட்காரும்போதே பாதி வலியைச் சொல்லி முடித்திருப்பார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில், காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கைகால்களை மடக்கி நீட்டிப் பழக்கும் பகுதியில் ஐந்து வருடம் வேலை செய்தார். 1948இல் ஓடர்லியாகத் தோட்டத்துக்குத் திரும்பினார். புண் கட்டுவதும் மருந்து கலக்குவதும்தான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. வலி தீர்ப்பது அவராகவே எடுத்துக்கொண்டது.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் நல்லமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, எண்ணெய்ப் போத்தலைத் திறக்கும் முன் அவன் வீட்டுக் கதையெல்லாம் கேட்டார். பீலியிலிருந்து தண்ணீர் யார் தூக்குவது, மகனோடு பேச்சு உண்டா, தூக்கம் வருகிறதா.

"இடுப்புக்கும் எம் மகனுக்கும் என்னங்கய்யா சம்மந்தம்?"

"அவன் கோவிச்சுக்கிட்டுப் போனதுலருந்துதானே நீங்களே தண்ணி தூக்குறீங்க?"

நல்லமுத்து வலியோடு சிரித்தான். "பொல்லாத ஆளுங்கய்யா நீங்க."

லயத்து ஆட்களிடம் வாங்க, போங்க என்று பேசியதால் ஆபீஸ் கிளார்க்குகள் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைக்கவில்லை. காலில் சப்பாத்து போட்டிருந்ததால் லயத்துக்காரர்கள் டிஸ்பென்சரிக்கு வெளியே அவர் எதிரில் உட்காரவில்லை. கலியாணம் செய்யவில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒற்றை அறை. மாதத்தில் ஒரு ஞாயிறு மஸ்கெலியாவில் பூசை. மத்தியானச் சோற்றை ஜன்னலோரம் நின்று சாப்பிடுவார். மேல் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கலந்து கேட்கும். சொற்கள் புரியாது. அது போதும் என்று பழகியிருந்தார். பிற்பாடு அவர் பிசகியது இந்தப் பழக்கத்தினால்தானோ என்று தோன்றுகிறது.

1957இல் மீனம்மா வந்தாள். இடது கையால், கீழ் ஆணியில் கம்பளியை மாட்டினாள். வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. புருஷன் செத்து ஒரு வருடம். மகள்கள் இருவரும் வேறு தோட்டங்களில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். இருபது வருடமாக ஒரே கொழுந்துக் கூட்டத்தில், அழகம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நின்று பறிப்பவள் அவள்.

"கைக்கு ஓய்வு வேணும்மா. லேசு வேலைக்குத் துண்டு எழுதுறேன்."

"மலைக்குப் போகாம என்னங்கய்யா செய்வேன்?"

"ரெண்டு மாசந்தான். ஸ்டோருக்குப் பின்னால உக்காந்து கொழுந்துச் சாக்கு தைங்க."

சும்மா தோள் வலி என்று எழுதினால், மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு துண்டைக் கிழித்துப் போடுவார். எனவே சூசைரட்ணம், "இந்தக் கை இனி உயராது" என்று எழுதினார். அவருக்கு மேலே இருந்த டிஸ்பென்சர் வழக்கம்போல் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

தினமும் மாலையில் மீனம்மா சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்புபோல மேலே ஏற்றுவாள். எட்டிய இடத்தில் அவர் கரியால் கோடு போடுவார். இரண்டு வாரம் கோடு ஏறியது. மூன்றாவது வாரம் இறங்கத் தொடங்கியது. எண்ணெயை மாற்றினார், ஒத்தடம் கொடுத்தார். கோடு இறங்கியது.

விரலில் வெட்டுக்காயத்தோடு வந்த அழகம்மா கட்டுப் போடும்வரை பொறுக்கவில்லை.

"அவள ஏங்கய்யா எங்ககிட்ட இருந்து பிரிச்சீங்க?"

"கை ஓய்வெடுக்கட்டுமேன்னுதாம்மா."

"கை நல்லாத்தான் ஓய்வெடுக்குது. வாயும் சேந்து ஓய்வெடுக்குது! புருசன் செத்த மறு வாரமே அவள சிரிக்க வச்சவங்க நாங்க. நீங்க கொண்டுபோயி சாக்கோட சாக்கா போட்டுட்டீங்க."

மறுநாள் மத்தியானம் ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மீனம்மா சாக்குகள்மேல் உட்கார்ந்திருந்தாள். ஊசி கீழே கிடந்தது. வலது கையை இடது அக்குளில் செருகிக்கொண்டு, மேல் மலைச் சத்தம் வரும் பக்கமாகக் கழுத்தைத் திருப்பியிருந்தாள். எல்லோரிடமும் வீட்டுக் கதை கேட்கிறவர், அவளுக்கு மிச்சமிருந்த வீடு அந்த நிரைதான் என்பதைக் கேட்காமல் விட்டிருந்தார். தான் வாழ்கிற வாழ்க்கையை ஓய்வு என்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

அன்றே கொழுந்துக் கூட்டத்துக் கங்காணி பழனியாண்டியிடம் போனார்.

"அவள மலைக்குத் திருப்பி எப்பிடிங்க எடுக்கிறது?" என்றான் பழனியாண்டி. "ஒங்க எழுத்து ஆபீசுல இருக்கு. ஒசராத கைக்கு நெர குடுத்தா கண்டாக்கு என்னைய ஒதைப்பாரு. காலையில ஆளு கூடுற பெரட்டுக்கு வாங்க. வேலைக்கு ஆளு பிரிக்கையில அவரு முன்னால, பொய்யா எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அங்கயே நெர குடுக்கிறேன்."

பொய்த் துண்டு எழுதியவனைத் தோட்டத்தில் வைத்திருக்கமாட்டார்கள். வேலையோடு அந்த ஒற்றை அறையும் போகும். "அடுத்த மாசம் பெரட்டுல சொல்லிர்றேன்" என்று மீனம்மாவிடம் சொன்னார். அதற்குள் அவளைப் புல்லுவெட்டும் கிழவிகளோடு போட்டுவிட்டார்கள்.

அவரால் முடிந்தது ஒன்றைச் செய்தார். மாலையில் அழகம்மாவையும் கூட வரச் சொன்னார். ஒருத்தி சுவரில் விரல் ஏற்ற, மற்றவள் மலையில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவாள். அந்த அறையில் முதன்முறையாகப் பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு வருடத்தில் கரிக்கோடு தலைக்கு மேல் போனது.

ஆனால் வெளியே மீனம்மா அந்தக் கையைத் தூக்கவில்லை. அவர் ஒருநாள் காரணம் கேட்டார்.

"நானா தூக்குனா ஒங்க எழுத்து பொய்யாயிருமேய்யா. நீங்க பெரட்டுல சொல்ற அன்னைக்குத் தூக்கிக் காட்டுறேன்."

"சொல்றேம்மா" என்றார். ஒவ்வொரு வருடமும் சொன்னார். அது பயமா, பழகிய ஜன்னலை விட மனமில்லாததா என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1964 ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் சூசைரட்ணம் இறந்தார். மறுநாள் பெரட்டில் கண்டாக்கு அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆட்களைப் பிரித்தார். கொழுந்துக் கூட்டம் மேல் மலைக்கு ஏறியது. அழகம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மீனம்மா வலது கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி, கிழவிகளின் பின்னால் கீழ் மலைக்கு இறங்கினாள்.