ரீல் மேலேயா, கீழேயா?

“எந்த மீனுக்கு சார்?”

நாகர்கோவிலில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர் கேட்டார். ‘சம்பந்திக்கு’ என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, “எல்லா மீனுக்கும்” என்றேன்.

நல்லவேளை, அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்படியே கடையை விட்டு இறங்கியிருப்பேன் — என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே!

விஷயம் இதுதான். என் மகள் நிவி, கூட வேலை பார்க்கிற ரோஷனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். பையன் தங்கம். ஆனால் கடற்கரைக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் பக்கமோ வயலும் குளமும். கடலோடு எங்களுக்கு உள்ள உறவு மீன்கூடையோடு முடிந்தது. இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அப்பாக்கள் ஒரு தடவை சந்தித்து, மனசு ஒத்துப்போனால் கல்யாணம். இல்லையென்றால்... இல்லை.

“ரோஷனோட அப்பாவுக்குத் தூண்டில்னா உசுருப்பா. ஒரு நாள் கூடப் போங்க. பாறையில உக்காந்தா பேசவே வேண்டாம். பேசுனாத்தானே உங்களுக்குச் சண்டை வரும்?”

மகளைப் பாருங்கள்! அப்பனை அளந்து வைத்திருக்கிறாள். எனக்குத் தூண்டில் போடத் தெரியாது என்றேன். “ஒரு ராடு வாங்குங்க, தானா வரும்” என்று போனை வைத்துவிட்டாள். வாத்தியார் வேலையில் பிரம்பு பிடித்ததோடு சரி, எனக்கு ராடைப் பற்றி என்ன தெரியும்?

“பாறையிலயா, வள்ளத்துலயா, குளத்துலயா? அத முதல்ல சொல்லுங்க. ராடு பொறவு பாக்கலாம்” என்றார் கடைக்காரர்.

பாறை என்றேன். பன்னிரண்டு அடியில் ஒன்று மினுமினுவென்று நின்றது. கை அதன் மேலேயே போனது. “அத முதல் நாளே வீசுனா தோள்பட்டை கழண்டுரும்” என்று எட்டடியில் ஒன்றை எடுத்துத் தந்தார். அதற்கு ஏற்ற ரீல் ஒன்றையும் மாட்டினார் — ராடுக்கு அடியில், தொங்குகிற மாதிரி. ரீலின் முன்னால் ஒரு திருகு. மீன் இழுத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கூஸை, அதுதான் நைலான் நரம்பை, விட்டுக் கொடுக்குமாம். “முழுசா இறுக்கிராதீங்க, அறுத்துட்டுப் போயிரும்” என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சித்தப்பாவின் போன்.

“ஏலே மக்கா, கேள்விப்பட்டது நெசமா? சாதியில மேல கீழ பாக்காண்டாமா? மொதல்ல மேல கீழ பாருலே. பொறவு போய்த் தூண்டில் போடு.”

போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தது. சித்தப்பா மேல் மட்டுமில்லை — சட்டென்று பதில் சொல்ல வராத என் வாய் மேலும்தான். அந்த ‘மேல கீழ’ தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது.

ஞாயிறு காலை. வட்டக்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, அலையடிக்கிற பாறை. ரோஷனின் அப்பா சேவியர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். நல்ல உயரம், வெள்ளை மீசை.

“வாங்க சாரே.”

“வந்துட்டீங்களா அண்ணாச்சி.”

பேச்சு அவ்வளவுதான். இரையை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நின்றோம். ஓரக்கண்ணால் பார்த்தேன். பக்கென்றது... அவர் ரீல் மேலே இருந்தது! ராடுக்கு மேலே, வானத்தைப் பார்த்து!

கடற்கரைக்காரர் பிடிப்பது தப்பாகவா இருக்கும்? கடைக்காரர்தான் என்னை ஏமாற்றியிருக்கிறார். சேவியர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, என் ராடை நைசாகத் திருப்பிப் பிடித்தேன். இப்போது என் ரீலும் மேலே. கைப்பிடி எசகுபிசகாக வந்தது. இருக்கட்டும், மானம் முக்கியம்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கிறேன். அவர் ரீல் கீழே!

எனக்குக் காது சூடாகிவிட்டது. கிண்டலா? நான் காப்பியடிப்பதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே மாற்றுகிறாரா? கடல் தெரியாதவன் என்று சோதிக்கிறாரா? ‘என்ன அண்ணாச்சி, விளையாடுறீங்களா?’ என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. நிவியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்தேன். விரல்கள் சும்மா இருக்குமா? கோபத்தில் ரீலின் திருகைப் பிடித்து இறுக்கின, இறுக்கின... முழுசாக இறுக்கிவிட்டன.

இல்லை, கேட்டுவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தேன்.

அப்போது பார்த்து மீன் இழுத்தது!

அம்மாடி, என்ன இழுப்பு! ராடு வில்லாக வளைந்தது. சுற்றப் பார்த்தேன், தலைகீழாக இருந்த ரீல் நான் சுற்றிய பக்கம் சுற்றவே மாட்டேன் என்றது. திருகு இறுகிக் கிடந்ததால் தங்கூஸ் ஒரு இஞ்ச் இளகவில்லை. பாசி படிந்த பாறை. ஒரு கால் வழுக்கியது. எதிரே ஒரு பெரிய அலை எழும்பி வருகிறது...

“சாரே!”

பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பை வளைத்துப் பிடித்தன. அதே நேரம் தங்கூஸ் பட்டென்று அறுந்தது. இரண்டு பேரும் பாறையில் மல்லாக்க விழுந்தோம். அலை வந்து தலையோடு நனைத்துவிட்டுப் போனது.

என் இடுப்பிலிருந்து கையை அவர் இன்னும் எடுக்கவில்லை.

“சாரே... ஒண்ணு கேட்டா கோபப்படப்பிடாது.”

“கேளுங்க.”

“இந்த ரீலு மேல வருமா, கீழ வருமா?”

நான் அவரையே பார்த்தேன். “உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? அப்பாதான் கடலுக்குப் போனாரு. நான் ஐடிஐ படிச்சிட்டு கல்ஃபுல ஏசி மாட்டப் போயிட்டேன். சாருக்குத் தூண்டில்னா உசுருன்னு மோன் சொன்னான். அதான் முந்தாநாளு இத வாங்குனேன். சாரு கீழ வச்சிருந்ததப் பாத்துல்லா நானும் கீழ மாத்துனேன்!”

“நான் உங்களைப் பாத்துல்ல மேல மாத்துனேன்!”

அடப்பாவிகளா... பெற்ற பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து அப்பன்மாருக்கல்லவா தூண்டில் போட்டிருக்கின்றன!

சேவியர் சிரிக்க ஆரம்பித்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “நமக்கு ரெண்டு பேருக்கும் மேல கீழ தெரியல பாத்தேளா சாரே!”

அவர் ரீலைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பிறகு நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் தொண்டை முள் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். “என்னலே, மேல கீழ பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன் சித்தப்பா. ரீலுக்கு மட்டும்தான் உண்டாம்!”